கண்ணை மூடி ஒற்றைக்காலில்

"கண்ணை மூடிட்டு ஒத்தைக் கால்ல நில்லு, பிரிட்டா," என்றாள் ஜோலீன்.

பிரிட்டா ஆடாமல் அசையாமல் நின்றாள். டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னபோதும் தடுமாறவில்லை. கால்பந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டு, போன வாரம்தான் இங்கே வந்திருந்தாள்.

"எம் பொண்ணு சிங்கம்! சனிக்கிழமை ஃபைனல் ஆடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க," என்றார் அப்பா கார்டன்.

அந்தக் குழந்தைகள் கிளினிக்கில் டாக்டரோடு சேர்ந்து விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ட்ரெய்னர் ஜோலீன் சிரிக்கவில்லை.

"சீசன் தொடங்கும்போது, அடிபடறதுக்கு முன்னாடி, பின்னாடி ஒப்பிட்டுப் பார்க்க வச்ச இதே டெஸ்ட்ல தள்ளாடினா. இப்ப நல்லாச் செய்யறா."

"சந்தோஷம்தானே?"

"தலையில அடிபட்டா யாருக்காவது தடுமாற்றம் போகுமா சார்? அன்னிக்கு வேணும்னே தப்பாச் செஞ்சிருக்கா. அப்பத்தானே பின்னாடி அடிபட்டாலும் வித்தியாசம் தெரியாது, ஆட விட்டுடுவோம்! இப்ப நிஜமாவே தேறிட்டாளான்னு ஒப்பிட்டுப் பார்க்க எங்கிட்ட எதுவும் இல்லை. யாரும்மா சொல்லிக்கொடுத்தா?"

பிரிட்டா தலை நிமிரவில்லை. "கோச். டீம்ல எல்லார்கிட்டயும் சொன்னாரு."

"எல்லார்கிட்டயுமா?"

ஜோலீன் பக்கத்து அறைக்கு ஓடினாள். "டாக்டர்! அதே டீம்ல தலையில அடிபட்டு வந்த டெய்சாவை அந்த டெஸ்டை நம்பித்தானே நேத்து ஆட அனுப்பினோம்? உடனே அவ வீட்டுக்கு போன் போடணும்!"

"வீட்ல இருக்க மாட்டா."

வாசலில் கார்டன் நின்றிருந்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"கிரவுண்ட்ல இருப்பா. அவங்க கோச் நான்தான். தலையால பந்தை முட்டிப் பழகச் சொல்லிட்டுத்தான் இங்க வந்தேன்."