சொல்தா வீட்டுப் பிள்ளைவண்டி

தையல்நாயகி வண்டிக்குள் முழங்கையை ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் இறக்கினாள்.

ஸ்பிரிங் முனகியது. வண்டி சாயவில்லை.

"பொறக்கப் போறது பிள்ளையா, அரிசி மூட்டையா?" என்றாள் ஆனந்தமேரி.

உப்பளம் பேட்டையில் அந்த வீட்டை சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். ஆனந்தமேரியின் புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். புருஷனும் பெண்சாதியும் இந்த வாரம் பிரான்சுக்கே போய்விடப் போகிறார்கள். கட்டில், பீரோ, ரேடியோ எல்லாம் விற்றாகிவிட்டது. கூடத்தில் மிச்சம் நின்றவை இரண்டு பிள்ளைவண்டிகள்.

ஒன்று, ஆனந்தமேரியின் தம்பி மகள் பாரீசில் இருந்து கைக்குழந்தையோடு லீவுக்கு வந்தபோது கொண்டு வந்து விட்டுப் போனது. குடை மாதிரி மடங்கும். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம் என்று ஆனந்தமேரி மடக்கியும் விரித்தும் காட்டினாள். தையல்நாயகி அதன் இருக்கையை ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தாள். துணி நெறுக்கென்றது. அதோடு அதை விட்டுவிட்டாள்.

மற்றது பழசு. பெரிய சக்கரம், இரும்புச் சட்டம், தொட்டி மாதிரி ஆழம். கப்பி பெயர்ந்த ரோட்டிலும் ஓடும். கோரிமேடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போகலாம்.

அதுதான் வேண்டும். ஏனென்றால் வண்டி வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இல்லை.

பெரியவள் சின்னப்பாப்பாவுக்கு எட்டு வயது. இளம்பிள்ளை வாதம். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மடங்கின காலை நீவி, நீட்டி, கட்டுப் போடுகிறார்கள். நடுவில் விட்டால் பழையபடி மடங்கிக்கொள்ளும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது.

இத்தனை நாளும் தையல்நாயகி அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போய் வந்தாள். போன வாரம் பஸ் ஸ்டாண்டிலேயே ரத்தம் பட்டது. இனி அவளைத் தூக்கினால் வயிற்றில் இருப்பது தங்காது என்று நர்சம்மா திட்டி அனுப்பினாள்.

மில் மூடியதும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன புருஷன் இராமதாஸிடம் இருந்து ஒரு தகவலும் இல்லை. யாரைக் கூப்பிடுவது? இரண்டு பிள்ளையில் எந்தப் பிள்ளையை விடுவது? இப்படியும் ஒரு கேள்வியை ஒருத்தியிடம் கேட்பார்களா? தெய்வம் கேட்டது. அவளுக்குத் தெய்வத்தின் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நேற்று இன்னொரு வீட்டில் உண்மையைச் சொல்லித்தான் வண்டி கேட்டாள். "எம் பேரன் படுத்த வண்டியில நொண்டிப் பிள்ளைய ஏத்துவியா?" என்று முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். அந்தக் கால் தங்கள் பேரனுக்கு ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம்.

அதனால்தான் இன்றைக்கு வயிற்றைக் காட்டி, "இதுக்குத்தாம்மா" என்று பொய் சொன்னாள். ஆபத்துக்குப் பாவமில்லை.

"எத்தன மாசம்?"

"ஏழு."

ஆனந்தமேரி வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப பெத்துட்டு வா. பொறக்காத பிள்ளைக்கு நான் வண்டி குடுக்க மாட்டேன். காலி வண்டி வீட்டுக்குள்ள போவக் கூடாது."

தையல்நாயகிக்கு இது தெரியாதா என்ன? அவள் தெருவில் பிள்ளை பிறக்கும் முன்னால் ஒரு சட்டைகூட தைக்க மாட்டார்கள், தொட்டிலுக்குக் கயிறு வாங்க மாட்டார்கள். கதவு சாத்தின பயத்தில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது.

"எங்க பக்கம் அப்படியெல்லாம் பாக்க மாட்டோம்மா" என்று இன்னொரு பொய்யையும் சொன்னாள்.

சொல்லி வாய் மூடவில்லை. காலையில் இருந்து உதைத்துக்கொண்டே இருந்த வயிறு சும்மா கிடப்பது தெரிந்தது. கையை வைத்துப் பார்த்தாள். பக்கத்தில் அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

பிறக்கும் முன்னால் வாங்க வந்ததுதான் இப்படி ஆக்கிவிட்டதோ? வண்டி போனாலும் போகட்டும்.

"இது பெரியவளுக்கும்மா. எட்டு வயசு. கால் வராது. வயித்துல இருக்கறதுக்கு நான் ஒண்ணும் வாங்க வரல. நான் ஒண்ணும் வாங்கல."

கடைசிச் சொல்லை அவள் ஆனந்தமேரியிடம் சொல்லவில்லை.

ஆனந்தமேரி அவளையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அவ்வளவுதான். நேற்று கதவு, இன்றைக்கு முதுகு. தையல்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வயிற்றில் இருந்தது மெல்ல ஒரு தடவை புரண்டது. மனசு அடங்கியது. ஆனால் சின்னப்பாப்பாவிடம் போய் என்ன சொல்வது?

அவள் வாசலைப் பார்க்கத் திரும்பியபோது ஆனந்தமேரி கால்களில் செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள். பெரிய வண்டிக்குள் குனிந்து, அடியில் கிடந்த சின்ன மெத்தையை உருவி வெளியே எடுத்தாள். கடைக்காரன் சுற்றிக் கொடுத்த காகிதம் மஞ்சள் பூத்துப்போய், இன்னும் பிரிக்காமல் அதன் மேலேயே இருந்தது.

"கால் நீட்ட எடம் வேணும் அவளுக்கு" என்றாள். "வீடு எங்க, சொல்லு. நான் போய்த் தூக்கியாறேன். நீ தூக்காத."

"வேணாம்மா, வண்டியையே தள்ளிக்கிட்டுப் போயி..."

"வண்டி இங்கயே நிக்கட்டும். பிள்ள பொறக்கும் முன்ன இதக் காலியா இந்த வீட்டுக்குள்ள கொண்டாந்தவ நான். வெளிய போறப்பவாவது பிள்ளையோட போவட்டும்."