ஐந்து பேருக்கான குப்பி

மருந்துப் பொடியை நீரில் கரைத்து ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது. இனி அதற்கு உயிர் மூன்று மணி நேரம் ஐம்பத்தொரு நிமிடம்.

ஒரு குப்பி ஐந்து குழந்தைகளுக்கு. இந்த மலைமுகட்டில் இருப்பதோ ஒரே வீடு, ஒரே குழந்தை.

நர்ஸ் பிஞ்சுக் கையில் ஊசியை இறக்கி எடுத்தாள். குழந்தை மூச்சைப் பிடித்து, ஒரு கணம் யோசித்து, பிறகு கூரை அதிர அழுதது.

"அழுடி, நல்லா அழு. கோவிச்சுக்க இங்க பக்கத்து வீடா இருக்கு?" என்றாள் தாய்.

நர்ஸ் சிரித்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஊசி போட்டால் அரை மணி நேரம் குழந்தையின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். கீழே பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும் முகாம் என்றால், அந்த அரை மணி போவதே தெரியாது. அடுத்த குழந்தை, அடுத்த அட்டை, அடுத்த அழுகை. இங்கே அது மொத்தமாக எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

சொல்ல வேண்டியது அதிகமில்லை. மேலே ஏறி வரும்போது நான்கு இடங்களில் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். பாறைகளிடம் நன்றாகத்தான் வந்தது.

இந்தக் குழந்தையின் ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம் என்று மூன்று தடவை அந்தப் பேச்சைச் சுமந்துகொண்டு ஏறினாள். மூன்று தடவையும் சுமந்துகொண்டே இறங்கினாள்.

தாய் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கொதித்த தண்ணீர்தானே என்று நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள். பாத்திரமே கரைந்து போகிற அளவுக்குக் கொதிக்க வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது.

அது பொய்யில்லை. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவி அவள் விரல்நுனிகள் சுருங்கிப் போயிருந்தன. குழந்தையின் துணிகள் தனிக் கொடியில் காய்ந்தன. நர்ஸ் சொன்னதில் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை, மூத்த மகள் போன பிறகு.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குத் தடுப்பூசி அட்டையில் தேதி எழுத வேண்டும். பிளாஸ்டிக் பையிலிருந்து அதை எடுத்தபோது இன்னொரு அட்டையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெரியவளுடையது. ஒன்பதாம் மாதக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த கட்டங்களும்.

தாய் அதை அவசரமில்லாமல் வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மண்சரிந்து பாதை அடைத்திருந்த ஒரு நாள், காட்டைச் சுற்றிக்கொண்டு முகாம் முடிகிற நேரத்தில்தான் அவள் பெரியவளோடு வந்து சேர்ந்தாள். மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம் வா என்று நர்ஸ் சொன்னாள். சரிக்கா என்று திரும்பிப் போனாள்.

அம்மை அடுத்த மாதம்வரை காத்திருக்கவில்லை.

நேரத்துக்குக் கிளம்பத் தெரியாதவளோடு இருக்க முடியாது என்று மாமியார் மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். டவுனில் வேலை செய்யும் கணவன் வாரம் ஒருமுறை போனில் குழந்தையைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் முகாமுக்கு இறங்குவதையே நிறுத்திக்கொண்டாள். அதனால்தான் நர்ஸ் மேலே வருகிறாள். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள்.

மீதி மருந்தை என்ன செய்வீர்கள் என்று தாய் கேட்டாள். நாலு மணி நேரத்துக்குள் வேறு குழந்தை கிடைக்காவிட்டால் வீண்தான் என்றாள் நர்ஸ். மேலிடத்தில் கேட்க மாட்டார்களா? கேட்பார்கள். மாதக் கூட்டத்தில் அதிகாரி பெயரைச் சொல்லிக் கேட்பார். அறையே திரும்பிப் பார்க்கும்.

ஒருத்திக்காக உங்களுக்கு இவ்வளவு பேச்சா என்று தாய் கலங்கிப் போனாள். அக்கா மாதிரி யாருக்கு மனசு வரும் என்றாள்.

இந்த மலை முழுக்க எல்லோருக்கும் நர்ஸ் சிஸ்டர்தான். அக்கா என்று கூப்பிடுவது இந்த ஒரு வீடுதான். இறங்கிப் போனால் குடியிருப்பில் அவளோடு பேசுவது மருந்து வைக்கும் குளிர்பெட்டியின் மோட்டார் மட்டுமே. இன்று வாயைத் திறந்தால் இந்த வீடும் இல்லை.

அரை மணி முடிந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. பெட்டியைப் பூட்டி, வாரைத் தோளில் மாட்டி, வாசலில் செருப்பைப் போட்டாள். நாலாவது தடவையும் அப்படியே இறங்கிவிடலாம்.

தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வழியனுப்ப வந்தாள். அதன் கையைப் பிடித்து டாட்டா காட்டினாள். விளையாட்டாக அதன் காதில் சொன்னாள்:

"நீ எங்க போனாலும் நேரத்துக்குப் போயிடுடி தங்கம். உங்கம்மா மாதிரி லேட்டா போய்ப் புள்ளைய வாரிக் குடுத்துடாத."

குழந்தை தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் அதற்குச் சொல் புரியாது. சீக்கிரம் புரியும்.

நர்ஸ் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து பெட்டியை இறக்கி வைத்தாள். உட்காரவில்லை.

"அன்னைக்கு நீ லேட்டா வரலம்மா. மருந்து தீரவும் இல்ல. பெட்டியில முழுக் குப்பி ஒண்ணு இருந்துச்சு. ஒரு புள்ளைக்காக அதை உடைக்கணுமான்னு, நான்தான் மூடிய மூடிட்டேன்."