ஓரெல் வீட்டு வெள்ளி

“சாட்சிக்கு நாலு பேர் இருக்கோம். துணிக்கடை ஜேபஸ் ஓரெல், அவர் சம்சாரம் ஹெஸ்டர், தட்டார் பிஞ்சன், மாவு ஆலை கிராப்ட்ரீ, அதாவது நான். வில்லை நிஜ வெள்ளிதானான்னு வெட்டிப் பாத்துடலாமா?”

கடை வாசலில் கூட்டம் முண்டியது. சிலர் கையில் கல் இருந்தது.

பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரில் ராஜாவின் வெள்ளிக் காசு கண்ணில் படாமல் போயிருந்த காலம். ஓரெல் தன் பெயர் பொறித்து வெளியிட்ட வெள்ளி வில்லைதான் அந்த ஊருக்கே சில்லறை. கூலியும் அதில்தான், ரொட்டியும் அதில்தான்.

“மூணு தலைமுறைக் கடைய்யா இது! எங்க பேரையா சந்தேகப்படறே?”

ஓரெல் நிமிர்ந்துதான் நின்றார். கை மட்டும் கல்லாவை இறுக்கி மூடியது.

மூடாமல் என்ன செய்யும்? வெள்ளி விலை ஏறியதும், “இந்தத் தடவை பாதிக்குப் பாதி செம்பு கலந்துடு” என்று ஷெஃபீல்டில் வில்லை அடிக்கும் மைத்துனன் ஆமோஸிடம் சொன்னவரே அவர்தான். வெட்டினால் சிவப்பு தெரியும். தெரிந்தால் தாத்தா காலத்துப் பெயர் தெருவில் கிடக்கும்.

ஹெஸ்டர் மண் கெண்டியில் டீ கொண்டுவந்தாள். அவர் எரிந்து விழுந்தார்.

“நாலு பேர் எதிர்ல மண் கெண்டியா? கல்யாணத்துக்கு உங்கப்பா கொடுத்த வெள்ளிக் கெண்டி எங்கே?”

“எங்க போயிடப் போகுது? இருக்குங்க.”

“வித்துத் தின்னாச்சா அம்மா?” கிராப்ட்ரீ இளித்தார்.

பிஞ்சன் கல்லாவிலிருந்து ஒரு வில்லையும், கூட்டத்தில் ஒருவர் கையிலிருந்து ஒன்றும் வாங்கி, உளியை வைத்தார். ஓரெல் கண்ணை மூடிக்கொண்டார்.

“ரெண்டும் நல்ல வெள்ளி,” என்றார் பிஞ்சன். “கிராப்ட்ரீ, உன் மாவை வெட்டிப் பாத்தாத்தான்யா சுண்ணாம்பு வரும்!”

வாசலில் சிரிப்பு வெடித்தது. கற்கள் கீழே விழுந்தன.

எல்லோரும் போன பிறகு, ஓரெல் வெட்டுப்பட்ட துண்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இது எப்படி ஹெஸ்டர்?”

“எங்க ஆமோஸ் அண்ணன் என்னைக் கேட்டுட்டுத்தான் அடிச்சான்,” என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலே.

ஓரெல் குடும்பம் நொடித்துப்போய்க் கல்யாண வெள்ளியை விற்றுவிட்டது என்று கிராப்ட்ரீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

பொய். ஒரு கரண்டியைக்கூட அவர்கள் விற்கவில்லை. கெண்டி, தட்டு, கரண்டி எல்லாமே ஓரெல் பெயரைச் சுமந்துகொண்டு ஊர்க்காரர்களின் காசுப் பைகளில்தான் இருந்தன, கிராப்ட்ரீயின் பை உட்பட.