டைகர் கடிச்ச செருப்பு

"இந்த நாய இன்னிக்கே மேல வெள்ளிமலைக்குப் போற ஜீப்புல ஏத்திவுட்டாத்தான் எனக்கு நிம்மதி!"

செல்லமுத்து கத்தின கத்தலில், கண்ணகியின் மடியில் தூங்கிக்கினு இருந்த கைக்குழந்தை திடுக்கிட்டு அழுதது.

அவன் கையில் செருப்பு. வார் அறுந்து, ஓரமெல்லாம் பல்லு பதிந்திருந்தது.

வாசலில் மறியலுக்கு ஆள் திரட்டும் ராஜாங்கமும் ஊர்க்காரர்கள் சிலரும். இடஒதுக்கீடு கேட்டு கள்ளக்குறிச்சி ரோட்டில் மறியல். வடக்கனந்தலில் வூட்டுக்கு ஓர் ஆம்பள கட்டாயம் வரணும்னு பேச்சு. மரத்தையும் முள்ளையும் வெட்டி ரோடு பூராவும் போட்டிருந்ததால், செருப்பில்லாமல் அந்தப் பக்கம் காலே வைக்க முடியாது.

"போன மறியலன்னிக்கும் இப்படித்தான ஆச்சி?" என்றார் ராஜாங்கம்.

"அதுக்கு முந்தின மறியலுக்கும்தாண்ணே! புதுசு வாங்கினா புதுசையும் மெல்லுது. இது மட்டும் இல்லன்னா ரோட்டுல மொத ஆளா நாந்தான் படுத்திருப்பேன்!"

"அஞ்சு வயசு நாய்க்கு இன்னுமாடா பல்லு மொளைக்குது?" என்று ஒருத்தன் சிரித்தான்.

தன் பேர் கெடுவது தெரியாமல் டைகர் வாலை ஆட்டியது.

"சரி, வூட்ல இரு. வெறுங்காலோட முள்ளுல வந்து இன்னா செய்யப்போற?"

அப்படிச் சொல்லிவிட்டு ராஜாங்கம் கோஷம் போட்டுக்கொண்டே முன்னால் நடக்க, கூட்டம் பின்னால் போனது.

செல்லமுத்து கயிறைத் தேடி எடுத்தான்.

கண்ணகி குழந்தையை அணைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் களையெடுக்கப் போனால் வரப்பு மரத்துத் தூளிக்குக் காவல் டைகர்தான். ஆனால் புருஷனை எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

"இன்னாங்க... டைகர் கடிச்சிருக்காதுங்க."

"பின்ன, நீ கடிச்சியா?"

"இல்லீங்க. பக்கத்து வூட்டு பெரியநாயகியக்கா ஒரு வழி சொன்னாங்க. சும்மா கெடக்கிற நாயிதான் கண்டதையும் மெல்லுமாம். அதுக்கு ஒரு எலும்பு போடு, செருப்புல பச்சமிளகாய அரைச்சித் தடவு, கிட்டவே வராதுன்னாங்க. நேத்து பொழுது சாயவே தடவி வெச்சிட்டேன். நல்ல காரமான மிளகாயா பாத்து..."

செல்லமுத்துவின் கையிலிருந்து கயிறு நழுவியது.

விடிந்ததிலிருந்து அவன் ஏன் சொம்பு சொம்பாகத் தண்ணி குடிக்கிறான் என்று கண்ணகிக்கு இப்போதுதான் விளங்கியது. உதடு வேறு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது.

டைகர் மூலையில் எலும்பை நிதானமாகக் கடிச்சிக்கினு இருந்தது.

"போலீசு சுடுதாம் புள்ள," என்றான் செல்லமுத்து. கத்தின குரலே இல்லை. "நம்ம கொழந்தைக்கு இன்னும் தலகூட நிக்கல. வரமாட்டேன்னு சொன்னா ஊருக்குள்ள தல காட்ட முடியுமா?"

கண்ணகி உள்ளே போய், ஒரு பிடி சர்க்கரை கொண்டுவந்து அவன் கையில் கொட்டினாள்.

"வாயில போட்டுக்கோங்க. அடுத்த தடவ கத்தியால அறுங்க."

வாசலில் செருமல் சத்தம். பார்த்தால் ராஜாங்கம். தனியாக வந்திருந்தார்.

செல்லமுத்து அவசரமாகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"துண்ட இங்கயே விட்டுட்டேன்," என்றார் ராஜாங்கம். துண்டு அவர் தோளிலேயே கிடந்தது.

தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நாளைக்கு உளுந்தூர்பேட்டையில பெரிய மறியல். இன்னிக்கு ஒரு ராத்திரி டைகர எங்க வூட்ல கட்டிப்போடேன். எங்க வூட்டு நாயி செருப்ப மோந்துகூட பாக்க மாட்டேங்குது!"