நீலக் கயிறு

அன்று வெயில் அடித்ததா என்பது எனக்கு இப்போது உறுதியில்லை. குளத்தைச் சுத்தம் செய்ய எங்கள் தெருவே இறங்கியிருக்கிறது. இடுப்பளவு நீரில் நிற்கும் தையல்கார அக்கா, கோரைக்குள் சிக்கிய குப்பை என்று பிடுங்கியதைப் பார்த்தபடி உறைந்து நிற்கிறாள். அது நீர்க்கோழியின் கூடு. பிஸ்கட் உறையும் பால் பாக்கெட் துண்டுகளும் கோரையோடு பின்னிக் கிடக்க, நடுவில் புள்ளி போட்ட முட்டைகள். கரையோரம் பறவை கத்திக்கொண்டே ஓடுகிறது.

“கிளவுஸ் போட்டிருந்தேன், முட்டைச் சூடு தெரியலைங்க,” என்கிறாள், வேன் ஓட்டும் தன் கணவரிடம். “பழைய இடத்துலயே வச்சுக் கட்டணும். நீங்க தாங்கிப் பிடிங்க. கை ஆடாதுல்ல?”

“முட்டை லோடே ஏத்தியிருக்கேன். குடு.”

ஒரு முட்டை விளிம்புக்கு உருள்கிறது. அவர் கட்டைவிரலால் தடுக்கிறார். கட்டுவதற்கு எதுவும் இல்லை. சற்றுமுன் நீரிலிருந்து பொறுக்கிய நீலக் கயிற்றைக் குப்பைச் சாக்கிலிருந்து எடுத்து நீட்டுகிறேன். அக்கா கையுறையை உருவி எறிந்துவிட்டு, மூச்சை அடக்கி, கோரைத் தண்டுகளில் முடிச்சுப் போடுகிறாள். பறவையின் கத்தல் நிற்கிறது. கத்தாமல் இருப்பது எனக்கு இன்னும் அதிகப் பயமாக இருக்கிறது.

பறவை மாலையில் திரும்பியது. சில வாரங்களில் குஞ்சுகள் வெளிவந்தன; ஒரு முட்டை மட்டும் பொரியவில்லை. நாங்கள் எல்லோரும் அதே தெருவில்தான் இருக்கிறோம். அக்கா இப்போதும் குளத்துக்கு வருகிறாள், கையுறை இல்லாமல்.