காபி ஆறுவதற்குள்

ஆஸ்பத்திரி சர்வரில் இருப்பதை டேப்பில் நகல் எடுப்பது முன்பெல்லாம் ஆமை வேகம். புது கம்ப்யூட்டர்காரன் கை வைத்த பிறகு, காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மேனேஜர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

இன்று சர்வர் எரிந்துபோனது. பதறாமல் மாற்று சர்வரில் டேப்பை ஓட்டினான். லீவு லெட்டர் முதல் கேன்டீன் கணக்கு வரை சமர்த்தாக வந்தன.

"ஐசியூ ஃபைல் எங்கப்பா?" டாக்டர் ஓடி வந்தார். "யாருக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு அதுலதான் இருக்கு. நர்ஸ் ஊசியும் கையுமா நிக்கிறாங்க!"

தேடினான். இல்லை.

"முன்னாடி, யாராவது திறந்து வச்சிருக்கிற ஃபைலை மூடட்டும்னுதான் டேப் காத்துக் கிடந்துச்சு சார். அதையெல்லாம் விட்டுட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"ஐசியூ ஃபைலை நாங்க என்னைக்குடா மூடினோம்?"