ஒன்பதாம் விதி

துப்பாக்கி லைசென்ஸ் அலுவலகத்தில் அவள் போர்வையை உதறியதும் துப்பாக்கி வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்கள் ஒரே தாவலில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். டீ கொண்டுவந்தவர் தட்டோடு மேசைக்கடியில் புகுந்தார்.

"யாரையும் சுட வரல. ஒப்படைக்க வந்திருக்கேன். உள்ள தோட்டா இல்ல," என்றாள் அவள்.

வங்கி வாசலில் இருபது வருடம் காவல் நின்றவரின் மகள். அப்பா போய் இன்றோடு தொண்ணூறு நாள். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்தால் தொண்ணூறு நாளுக்குள் துப்பாக்கியை இந்த அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வீட்டின் சொந்தக்காரர்மேல் வழக்கு. வீடு அம்மா பேரில் இருந்தது.

தலைமை எழுத்தர் துப்பாக்கியை வாங்கி, எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டார். பிறகு அதைக் கீழே வைக்க அவருக்கு மனமே வரவில்லை. தோளில் சாய்த்துக்கொண்டு, வேட்டைக்குக் கிளம்புகிறவர் மாதிரி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நம்பர் சரிதான். பதினொண்ணாம் படிவத்துல லைசென்ஸ்காரர் கையெழுத்து எங்கம்மா?"

"அவர் செத்துட்டார் சார். அதனாலதானே ஒப்படைக்கிறேன்."

"அது உன் பிரச்சினை. விதியில கையெழுத்து வேணும்னு இருக்கு."

"இறப்புச் சான்றிதழ் வச்சிருக்கேனே?"

"இருக்கட்டும். அதுல அவர் கையெழுத்து இருக்கா?"

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். மூன்று மாதமாக நூலகத்தில் உட்கார்ந்து சட்டத்தையும் விதிகளையும் வரி விடாமல் படித்திருந்தாள்.

"சார், சட்டம் போட்டது நாடாளுமன்றம். அதை நடத்துறதுக்காக உங்க இலாகா எழுதிக்கிட்டதுதான் விதி. ஒப்படைக்கணும், ரசீது தரணும், இவ்வளவுதான் சட்டத்துல இருக்கு. அதுல இல்லாத கையெழுத்தை நீங்களா எப்படிச் சேர்ப்பீங்க?"

"ஓகோ, படிச்ச பொண்ணா!" அவர் விதிப் புத்தகத்தைப் படாரென்று மூடி இழுப்பறைக்குள் தள்ளினார். "சரி, விதியே வேண்டாம். சட்டத்தை மட்டும் பேசுவோம். தொண்ணூறு நாள் வீட்ல வச்சிருக்கலாம்னுதான் சட்டம் சொல்லுது. நீ அதை ரோட்ல தூக்கிட்டு வரலாம், நான் வாங்கிப் பார்க்கலாம், இதையெல்லாம் சொல்றது ஒன்பதாம் விதி. அது இப்ப இழுப்பறைக்குள்ள தூங்குது. லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி கையில இருந்தா மூணு வருஷம்மா!"

கூட்டம் இப்போது வாய்விட்டே சிரித்தது. டீக்காரர் மட்டும் மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டி, "பாவம் சார், சின்னப் பொண்ணு," என்றார்.

"சட்டப்படி யாருக்குமே விலக்கு கிடையாதா சார்?" அவள் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"போலீஸுக்கு உண்டு, பட்டாளத்துக்கு உண்டு. வேற எவனா இருந்தாலும் உள்ளதான்!" எழுத்தர் துப்பாக்கிக் குழலாலேயே தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். "என்ன, போலீஸைக் கூப்பிடட்டுமா?"

அவள் மேசையில் கிடந்த ரசீதுப் புத்தகத்தைத் திறந்தாள். கார்பன் தாளை ஒழுங்காகச் செருகி, பேனாவையும் மேலே வைத்து, அவர் முன்னால் மெல்ல நகர்த்தினாள்.

"தாராளமாக் கூப்பிடுங்க. அவங்க வர்றப்ப துப்பாக்கி யார் கையில இருக்கும் சார்?"